மார்ட்டின் லூதர் கிங் கையெழுத்திட்ட கடிதம் யாருக்குச் சொந்தம்? சிவில் உரிமைப் போராளிகளின் ஆவணங்களைத் தேடி வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் மேடையில் பேசி முடித்த மார்ட்டின் லூதர் கிங், கையிலிருந்த தாள்களை மடிக்கிறார். பாதுகாப்புக்கு நின்றிருந்த 26 வயது இளைஞர் ஒருவர், அந்தத் தாள்களைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கிங் கொடுத்துவிடுகிறார்.

அந்த இளைஞர் ஜார்ஜ் ராவலிங். பின்னாளில் அமெரிக்காவின் பிரபல கூடைப்பந்து பயிற்சியாளர். டைப் செய்யப்பட்ட அந்த மூன்று தாள்கள்தான் 'எனக்கொரு கனவு உண்டு' உரையின் பிரதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகமே அறிந்த அந்த வரி தாளில் கிடையாது. கிங் தாளை விட்டு விலகி மேடையிலேயே சொன்னது அது.

ராவலிங் அந்தத் தாள்களை ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்தார். சுமார் 20 ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. பிறகு விஷயம் வெளியே தெரிந்ததும், 30 லட்சம் டாலர் வரை கொடுக்க ஆள் வந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் விற்கவில்லை. 2021-ல், தான் படித்த விலனோவா பல்கலைக்கழகத்திடம் அவற்றை ஒப்படைத்தார்.

மூன்று தாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கிங் கையிலிருந்து ராவலிங் கைக்கு, ராவலிங் கையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு. நடுவில் வேறு கையே இல்லை. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சந்தேகமே இல்லாத பதில் இருக்கிறது. சிவில் உரிமைப் போராளிகளின் ஆவணங்களைச் சேகரிக்கும் உலகத்தில் கையெழுத்தைவிட அதிகமாக அலசப்படுவது இந்தப் பதில்தான்.

எதையெல்லாம் சேகரிக்கிறார்கள்?

அமெரிக்காவில் 1950-களிலும் 60-களிலும் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதங்கள், உரைக் குறிப்புகள், புத்தகங்கள், புகைப்படங்கள், துண்டறிக்கைகள், காசோலைகள் என எல்லாவற்றுக்கும் ஒரு சந்தை இருக்கிறது. கிங், ரோசா பார்க்ஸ், மால்கம் எக்ஸ் ஆகியோருக்குத்தான் போட்டி அதிகம். 19-ம் நூற்றாண்டின் அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரடெரிக் டக்ளஸின் கடிதங்களைத் தேடுபவர்களும் உண்டு.

ஏல நிறுவனங்களின் பட்டியலைத் திறந்தால் சில சுருக்கெழுத்துகள் வரும். 'ஏ.எல்.எஸ்.' என்றால் தலைவரே கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்ட கடிதம். 'டி.எல்.எஸ்.' என்றால் டைப் செய்த கடிதத்தில் கையெழுத்து மட்டும் அவருடையது. 'டி.எஸ்.' என்றால் கையெழுத்துள்ள ஏதோ ஒரு ஆவணம். ஒப்பந்தமாக இருக்கலாம், ரசீதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் விலை அதிகம்.

ஆனால் விலையை உண்மையில் தீர்மானிப்பது உள்ளடக்கம். கிங் ஒரு வாசகருக்கு 'நன்றி' என்று இரண்டு வரி எழுதிய கடிதமும், மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி எழுதிய கடிதமும் ஒன்றல்ல. அதேபோல ரோசா பார்க்ஸ் 92 வயது வரை வாழ்ந்தவர். 1990-களில் தன் புத்தகங்களில் நிறையவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவை இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அவர் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதான 1955-ஐ ஒட்டிய காலத்துத் தாள் ஒன்று சந்தைக்கு வருவது அபூர்வம்.

மால்கம் எக்ஸ் கதை வேறு. 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு 39 வயது. கையெழுத்துகள் குறைவு, அதனாலேயே விலையும் அதிகம், போலியும் அதிகம். 1964-ல் மெக்கா போய் வந்த பிறகு 'எல்-ஹஜ் மாலிக் எல்-ஷபாஸ்' என்ற பெயரையும் அவர் பயன்படுத்தினார். அந்தப் பெயரில் 1962 தேதியிட்ட கடிதம் ஒன்று வந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

'தாய்ப் பத்திரம்' இருக்கா?

நம்ம ஊரில் மனை வாங்கப் போனால் முதலில் என்ன கேட்போம்? தாய்ப் பத்திரம். அப்புறம் வில்லங்கச் சான்றிதழ். யார் யாருக்கு விற்றார், நடுவில் வழக்கு ஏதாவது உண்டா என்று பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள்.

பழைய ஆவணங்களுக்கும் இதே கதைதான். கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? அவரிடமிருந்து விற்பவர் கைக்கு எப்படி வந்தது? நடுவில் ஏலத்தில் வந்திருந்தால் அந்த ஏலப் பட்டியல் எங்கே? தபால் முத்திரையோடு உறை இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு வரலாறு உண்டு. 'ஒரு பழைய கலெக்டர்கிட்ட இருந்து வந்தது' என்று மட்டும் சொன்னால், அது பதில் இல்லை.

கூடவே கொடுக்கப்படும் 'உண்மைத்தன்மைச் சான்றிதழ்' பற்றியும் ஒரு வார்த்தை. விற்பவரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த சான்றிதழுக்கு அது அச்சான பேப்பர் அளவுக்குத்தான் மதிப்பு. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. போன்ற தனி நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் தருவதும் ஒரு கருத்துதான், கோர்ட் தீர்ப்பு அல்ல. ஆனால் விற்பவரின் வார்த்தையை மட்டும் நம்புவதைவிட அது மேல்.

கிங் கையெழுத்தை கிங்தான் போட்டாரா?

போலி என்றாலே மோசடிக்காரர் ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்து எழுதுவார் என்று நினைக்க வேண்டாம். கிங் விஷயத்தில் பெரிய தலைவலி அவருடைய அலுவலகமேதான்.

1960-களில் அவருக்கு வந்த கடிதங்களுக்கு அளவே இல்லை. அவரோ ஊர் ஊராகப் பயணத்தில். பதில்களை டைப் செய்த செயலாளர்கள், பல நேரங்களில் அவர் சார்பாகக் கையெழுத்தையும் போட்டார்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அன்றாட அலுவலக வேலை. கடிதம் உண்மை, லெட்டர்பேடு உண்மை, தேதி உண்மை, உறை கூட உண்மை. கையெழுத்து மட்டும் அவருடையது இல்லை! தாத்தாவுக்கு கிங் பதில் எழுதினார் என்று பெருமையாகப் பாதுகாத்த குடும்பங்கள், விற்கப் போகும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கின்றன.

இன்னொரு வகை, அச்சிட்ட கையெழுத்து. கிங் தலைமை வகித்த 'தெற்கு கிறிஸ்தவத் தலைமைத்துவ மாநாடு' அமைப்பு நன்கொடை கேட்டுப் பெருமளவில் கடிதங்கள் அனுப்பியது. அவற்றில் அவர் கையெழுத்து அச்சில் இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். பேனா அழுத்திய தடம் இருக்காது, கோடு ஒன்றை ஒன்று கடக்கும் இடத்தில் மை மேலும் கீழுமாகப் படிந்திருக்காது.

நேரில் கையெழுத்து வாங்கிய புத்தகங்கள் நம்பகமானவை என்பார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சியில்தான் கிங் உயிரே போகப் பார்த்தது. 1958 செப்டம்பர் 20, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கடையில் உட்கார்ந்து தன் முதல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் வந்த ஒரு பெண், கடித உறை பிரிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்தினார். கத்தி முனை இதயத்தின் பெருநாடியை ஒட்டி நின்றது. தும்மியிருந்தாலே செத்திருப்பார் என்று டாக்டர்கள் சொன்னதை, கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் பேச்சில் கிங்கே நினைவுகூர்ந்தார்.

போலியை எப்படிப் பிடிக்கிறார்கள்?

எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பது நிபுணர்களின் வேலை. ஆனால் காலக் கணக்கில் மாட்டும் போலிகளை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சேகரிப்பதில் உள்ள சுவாரஸ்யமே இதுதான் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் ஐந்து இலக்க 'ஜிப் கோட்' அறிமுகமானது 1963 ஜூலை 1-ல். 1961 தேதியிட்ட கடிதத்தின் லெட்டர்பேடில் ஜிப் கோட் அச்சாகியிருந்தால், அங்கேயே கதை முடிந்தது. 'ஷார்ப்பி' மார்க்கர் பேனா சந்தைக்கு வந்தது 1964-ல். 1958-ல் போட்ட கையெழுத்து அந்தப் பேனாவில் இருக்க முடியாது. கிங் 1960 தொடக்கத்தில் மாண்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயப் பொறுப்பை விட்டு அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்தத் தேவாலயத்தின் போதகராக 1962-ல் அவர் கடிதம் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

புற ஊதா விளக்கும் உதவும். சுமார் 1950-க்குப் பிறகுதான் காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனங்கள் பரவலாகச் சேர்க்கப்பட்டன. அவை அந்த விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிரும். 1890-ல் டக்ளஸ் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் டிஸ்கோ லைட்டில் வெள்ளைச் சட்டை மாதிரி மின்னினால், காசை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். 1960-களின் கடிதங்களுக்கு இந்தச் சோதனை பெரிதாக உதவாது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மாதிரி வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிங் ஆவணங்களைத் தொகுக்கும் நிறுவனம் இயங்குகிறது. கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் 1985-ல் வரலாற்றாசிரியர் கிளேபோர்ன் கார்சனிடம் ஒப்படைத்த வேலை அது. அதன் இணையதளத்தில் ஏராளமான ஆவணங்கள் இருக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தத் துறையில் போலிகள் எவ்வளவு துணிச்சலானவை என்பதற்கு ஒரு உதாரணம். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. சிக்கியவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! அதையும் நம்புவதற்கு ஆள் இருந்திருக்கிறது.

ஒரிஜினல்தான்... ஆனா யாருக்குச் சொந்தம்?

கையெழுத்து உண்மை என்று நிரூபணமான பிறகுதான் பல நேரங்களில் பெரிய சண்டையே தொடங்குகிறது.

1964-ல் கிங் தன் ஆவணங்களில் ஒரு பெரும் பகுதியை, தான் முனைவர் பட்டம் பெற்ற பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வைத்தார். தெற்கு மாநிலங்களில் குண்டு வீச்சும் தீ வைப்பும் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆவணங்களை அங்கே வைப்பதாகவும், தன் மரணத்துக்குப் பிறகு அவை பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாகும் என்றும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார், பின்னர் திரும்பப் பெற நினைத்தார் என்று கொரெட்டா 1987-ல் வழக்குத் தொடர்ந்தார். 1993-ல் ஜூரி பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1995-ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சுமார் 83,000 ஆவணங்களின் சொந்தக்காரர் யார் என்பதை, கிங் கையெழுத்திட்ட ஒரே ஒரு கடிதம் தீர்மானித்தது.

குடும்பத்திடம் இருந்த ஆவணங்களின் கதை இன்னும் பரபரப்பானது. கொரெட்டா 2006 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி, கிங்கின் சுமார் 10,000 ஆவணங்களும் புத்தகங்களும் நியூயார்க்கில் சாத்பீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வருவதாக அறிவிப்பு. கிங் பிறந்த அட்லாண்டா நகரம் பதறியது. அவை யாரோ ஒரு பணக்காரரின் பெட்டகத்துக்குள் போய்விட்டால்? அட்லாண்டா மேயர் ஷெர்லி பிராங்க்ளின் நகரத்தின் பெரிய நிறுவனங்களையும் செல்வந்தர்களையும் திரட்டினார். ஏலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது 3.2 கோடி டாலருக்கு மொத்தத்தையும் வாங்கினார்கள். கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியின் சொத்தாக அவை இப்போது அட்லாண்டாவில் இருக்கின்றன.

பாடகரும் கிங்கின் நெருங்கிய நண்பருமான ஹாரி பெலஃபான்டே கதையில் சோகம் கூடுதல். போராட்டத்துக்குக் காசு கொடுத்தவர், கிங் குடும்பத்தையும் தாங்கியவர். தன்னிடம் இருந்த மூன்று ஆவணங்களை 2008-ல் ஏலத்துக்குக் கொடுத்தார். வியட்நாம் போரைப் பற்றிய கிங் உரையின் முன்குறிப்பு, கிங் கொல்லப்பட்டபோது அவர் சட்டைப் பையில் இருந்த பேச்சுக் குறிப்பு, அதிபர் லிண்டன் ஜான்சன் கொரெட்டாவுக்கு எழுதிய இரங்கல் கடிதம். அவை தங்களுக்குச் சொந்தம் என்று கிங்கின் வாரிசுகள் ஆட்சேபிக்க, ஏலம் நின்றது. 2013-ல் பெலஃபான்டே கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் சமரசம். ஆவணங்கள் அவரிடமே இருக்கலாம் என்று முடிவானது. நண்பர் கையில் கொடுத்ததற்கு யாராவது ரசீது வாங்குவார்களா? வாங்காததுதான் சிக்கல்.

மோட் பலூ 1955 முதல் 1960 வரை மாண்ட்கோமரியில் கிங்கின் செயலாளர். அந்தக் காலத்து ஆவணங்கள் சில அவரிடம் தங்கிவிட்டன. அவற்றில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1959-ல் காந்தியின் போராட்ட முறையை அறிய இந்தியா வந்த கிங், இங்கிருந்து அவருக்குக் கைப்பட எழுதிய கடிதம். அந்தப் பயணத்தில் கிங் சென்னை, மதுரை, கன்னியாகுமரி வரை வந்து போனார். பலூவின் மகனிடம் இருந்த ஆவணங்களைக் கேட்டு கிங் எஸ்டேட் 2011-ல் வழக்குப் போட்டது. வழக்குத் தொடர வேண்டிய காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று கோர்ட் தள்ளுபடி செய்தது. 2013 அக்டோபரில் அவை ஏலத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போயின.

மால்கம் எக்ஸ் ஆவணங்கள் இரண்டு முறை கைநழுவப் பார்த்தன. அவர் சுடப்பட்டபோது அவரிடம் இருந்த, குண்டு துளைத்த குறிப்பேடு நியூயார்க் கோர்ட்டில் சாட்சியப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டது. 1999-ல் அது ஒரு ஏலப் பட்டியலில் தலைகாட்டியபோதுதான், கோர்ட்டின் பெட்டகத்தில் இருந்து திருடப்பட்டது தெரிந்தது. பிறகு 2002-ல் இன்னொரு அதிர்ச்சி. அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஃபுளோரிடாவில் ஒரு வாடகை சேமிப்பு அறையில் இருந்தன. வாடகை பாக்கி. அறையில் இருந்ததை உரிமையாளர்கள் விற்றுவிட்டார்கள். அங்கிருந்து அது ஏல நிறுவனத்துக்கு வந்தது. குடும்பமும் ஆய்வாளர்களும் கொதித்தெழுந்த பிறகு ஏலம் ரத்தானது. நியூயார்க் பொது நூலகத்தின் ஷாம்பர்க் மையத்தில் 75 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது.

வாங்குபவருக்கு இதில் என்ன? நீங்கள் நல்ல எண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், பொருள் திருடப்பட்டது என்று தெரிந்தால் அமெரிக்கச் சட்டம் பொதுவாக உண்மையான உரிமையாளர் பக்கம்தான் நிற்கும். பொருளும் போகும், காசும் போகும்.

பேப்பர் உங்களுடையது, வார்த்தைகள்?

ஒரு கடிதத்தை முறையாக வாங்கினால் அந்தத் தாள் உங்கள் சொத்து. ஃபிரேம் போடலாம், விற்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அதில் உள்ள வார்த்தைகளின் காப்புரிமை, எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். பிரசுரமாகாத கடிதங்களுக்கு அமெரிக்காவில் எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. கிங் 1968-ல் இறந்தார். ஆக, 2038 வரை. கிங் எஸ்டேட் இந்த விஷயத்தில் கறாரானது என்பது ஊடகங்களுக்கு நன்றாகத் தெரியும். 1963 உரையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக சி.பி.எஸ். தொலைக்காட்சி மீதே வழக்குப் போட்டவர்கள் அவர்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கு 60 ஆண்டுகள். காந்தியின் எழுத்துகளுக்கான காப்புரிமை 2008-ம் ஆண்டோடு முடிந்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

காந்தி என்றதும் நம் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். ஏனென்றால் பழைய ட்ரங்குப் பெட்டியில் தலைவர்களின் கடிதங்கள் இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. காந்தி தமிழிலேயே கையெழுத்துப் போடக் கற்றவர். கையெழுத்து கேட்டு வந்தவர்களிடம் ஹரிஜன நிதிக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் போடுவார்.

1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டுகள் பழமையானதுதான் தொல்பொருள். ஆனால் வரலாற்று, இலக்கிய, அறிவியல் அல்லது அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டுகளே போதும். தொல்பொருளை மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காந்தி கொல்லப்பட்டது 1948 ஜனவரி. அவருடைய கடைசிக் கடிதம் கூட 2023-லேயே 75 ஆண்டைத் தாண்டிவிட்டது. அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர். 2031 முடிவதற்குள் அவர் கையெழுத்திட்ட எல்லா ஆவணங்களும் அந்த வயதை எட்டிவிடும். பெரியாரின் கடைசிக் கையெழுத்துகளுக்கு 2048 ஆகும். வீட்டில் அப்படி ஒன்று இருந்து, வெளிநாட்டு இணைய ஏலத்தில் போடலாம் என்று யோசித்தால், அதற்கு முன் தொல்லியல் துறையிடம் விசாரிப்பது நல்லது.

வெளிநாட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை மீட்க அரசே காசு கொடுத்து வாங்கிய சம்பவங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் நண்பராக இருந்த ஹெர்மன் காலன்பாக்கின் குடும்பத்திடம் இருந்த கடிதங்களையும் ஆவணங்களையும், 2012 ஜூலையில் லண்டன் ஏலத்துக்கு வருவதற்குள் சுமார் 7 லட்சம் பவுண்டுக்கு இந்திய அரசு வாங்கியது.

லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்த அன்றே ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போடுவது நம் வழக்கம். பழைய ஆவணத்துக்கு அதைச் செய்தால் மதிப்பு அங்கேயே போய்விடும். சூடும் பசையும் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான். சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும்.

அமிலம் இல்லாத காகித உறை, அல்லது பாலியெஸ்டர் உறை போதும். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. பால்பாயின்ட், ஃபெல்ட் பேனா மைகள் வெளிச்சத்தில் வெளிறிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஈரப்பதமும் ராமபாணப் பூச்சியும் கூடுதல் எதிரிகள். பரண் கூடாது, சமையலறைப் பக்கத்து அலமாரியும் கூடாது.

பெட்டகத்தில் இருந்தால் என்ன நஷ்டம்?

தனியார் சேகரிப்பாளர்களைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

அமெரிக்காவின் சவானா நகரைச் சேர்ந்த டாக்டர் வால்டர் எவன்ஸ், ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். ஃபிரடெரிக் டக்ளஸ் குடும்பத்தின் கடிதங்களையும், மகன்கள் ஒட்டி வைத்த பத்திரிகைத் துணுக்குத் தொகுப்புகளையும் வாங்கிச் சேர்த்தார். வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் கேட்டபோது தன் வீட்டையே திறந்துவிட்டார். அதை வைத்து பிளைட் எழுதிய டக்ளஸ் வாழ்க்கை வரலாறு 2018-ல் வந்து, 2019-ல் புலிட்சர் பரிசு வென்றது. 2020-ல் அந்தச் சேகரிப்பு யேல் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது.

இன்னொரு பக்கம், மால்கம் எக்ஸ் சுயசரிதையில் சேராமல் போன அத்தியாயங்கள். அவருடன் இணைந்து எழுதிய அலெக்ஸ் ஹேலி இறந்த பிறகு, 1992-ல் நடந்த ஏலத்தில் டெட்ராய்ட் வழக்கறிஞர் ஒருவர் சுயசரிதையின் கையெழுத்துப் பிரதியோடு அவற்றை ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். பெட்டகத்தில் வைத்தார். மால்கம் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் மானிங் மாரபிள் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு உணவகத்தில் வைத்து அவருக்குக் காட்டப்பட்டது. கொடுக்கப்பட்ட நேரம், 15 நிமிடம். மாரபிள் 2011-ல் இறந்துவிட்டார். 2018-ல்தான் ஷாம்பர்க் மையம் அவற்றை வாங்கியது. ஒரு அத்தியாயத்தின் ஏல விலை வெறும் 7,000 டாலர்.

ரோசா பார்க்ஸ் விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். அவர் 2005-ல் இறந்ததும், உறவினர்களுக்கும் அவர் பெயரிலான நிறுவனத்துக்கும் சொத்து வழக்கு. அவருடைய கடிதங்கள், டைரிகள், பதக்கங்கள் எல்லாம் நியூயார்க் ஏல நிறுவனத்தின் கிடங்கில் பல ஆண்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. மொத்தமாக வாங்க ஆள் வரும் வரை யாரும் படிக்க முடியாது. 2013-ல் ஜீன் தியோஹரிஸ் எழுதிய முழுமையான வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அவராலும் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்க முடியவில்லை.

2014-ல் தொழிலதிபர் வாரன் பஃபெட்டின் மகன் ஹோவர்ட் பஃபெட்டின் அறக்கட்டளை 45 லட்சம் டாலருக்கு அவற்றை வாங்கியது. முதலில் கடனாகவும், 2016-ல் நன்கொடையாகவும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தது. சுமார் 7,500 ஆவணங்கள், 2,500 புகைப்படங்கள். பேருந்தில் கால் வலிக்க உட்கார்ந்த அமைதியான தையற்காரப் பெண் என்று பாடப்புத்தகங்கள் சொன்ன ரோசா பார்க்ஸ், தன் கையாலேயே வேறு மாதிரி பேசுகிறார். கைதான அன்றைக்கு மனதில் ஓடிய கோபம், அதன் பிறகு வேலை போனது, காசில்லாமல் தவித்தது எல்லாம் அதில் இருக்கிறது.

இன்று அவற்றைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூலகத்தின் இணையதளத்தில் 'ரோசா பார்க்ஸ் பேப்பர்ஸ்' என்று தேடினால் செல்போனிலேயே விரியும். அங்கே ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்த பான்கேக் செய்முறையும் இருக்கிறது. மாவில் வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்.